டீசல் கணக்கிலிருந்து தொடங்குங்கள்: போர்க்காலச் சபைப் பதிவேடுகளை வாசிக்கப் புதிதாக வருபவர்களுக்கு

போர்க்காலத்தில் மட்டக்களப்பு மாநகர சபையிலோ கல்முனையிலோ அயலிலுள்ள ஒரு பிரதேச சபையிலோ என்ன வேலை நடந்தது என்று தேடி வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது கூட்டறிக்கைப் புத்தகத்தை. அரை நாளுக்குள் சலித்துவிடுகிறார்கள். ஊரே ஓடிக்கொண்டிருந்த மாதத்தின் கூட்டறிக்கையில் சந்தைக் கூரைத் தகரம், வாசிகசாலைக்குப் பத்திரிகை, ஒரு வடிகான் என்று மூன்று விடயங்கள்தான் இருக்கும். நடுவில் ஒரு வரி: “தற்போதைய நிலைமை காரணமாக இவ்வேலை பிற்போடப்பட்டது.” அந்த “நிலைமை” எது என்று ஒரு சொல்லும் இராது.

அதை எழுதிய இலிகிதரைக் குறை சொல்ல வேண்டாம். அந்தப் புத்தகத்தை நாளைக்கு எவர் கையில் எடுத்துப் புரட்டுவார் என்று அவருக்குத் தெரியாது. பொலிஸ், இராணுவம், இந்தியப் படை, ஏதாவதோர் இயக்கம் என்று யாரும் கந்தோருக்குள் வரலாம். ஆகவே பெயர் இல்லாமல், ஆள் இல்லாமல் எழுதினார். ஆனால் எரிபொருளுக்குக் காசு கொடுத்தால் எத்தனை லீற்றர் என்று எழுதியே ஆகவேண்டும். குத்தகைக்காரர் காசு கட்டாவிட்டால் ஏன் என்று கோவையில் போட்டே ஆகவேண்டும். போர் பதிவாகியிருப்பது அந்தச் சில்லறைத் தாள்களில். அவற்றை எந்த ஒழுங்கில், எப்படி வாசிப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

படி ஏறுவதற்கு முன்

ஒரு பெரிய தாளில் காலக்கோடு ஒன்று கீறிக்கொள்ளுங்கள். இது இல்லாமல் றெக்கோட் றூமுக்குள் போனால் நாள் வீண்.

கோட்டின் மேற்பக்கம் சபையின் சரித்திரம். மட்டக்களப்பு 1967 இல் மாநகர சபையானது. அதற்கு முந்திய தாள்கள் நகர சபை என்ற பெயரில் கிடக்கும். 1983 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. கிழக்கில் அடுத்தது 1994 மார்ச் 1. அதற்கடுத்து மட்டக்களப்பு மாவட்டம் வாக்களித்தது 2008 மார்ச் 10, அதாவது 14 ஆண்டுகள் கழித்து. இடையிலே பெரும்பாலான காலம் தெரிவான சபையே கிடையாது. ஆணையாளரோ விசேட ஆணையாளரோ தனியே கையெழுத்திட்டு நிர்வாகம் பார்த்தார். இது ஏன் முக்கியம் என்றால், அந்த ஆண்டுகளுக்குக் கூட்டறிக்கை தேடுவது கிணற்றில் ஆகாயம் தேடுவது போல. விவாதம் நடக்கவில்லை, ஆகவே விவாதக் குறிப்பும் இல்லை. “தீர்மானக் கோவை” என்றோ “ஆணையாளர் அனுமதி” என்றோ வேறு பெயரில் கேளுங்கள்.

பிரதேச சபைப் பகுதி என்றால் இன்னொரு சிக்கல். பட்டின சபைகளும் கிராம சபைகளும் 1981 இல் ஒழிக்கப்பட்டு மாவட்ட அபிவிருத்திச் சபைக்குள் போயின. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் பிறகுதான் பிரதேச சபைகள் வந்தன. ஆகவே 1981க்கும் 1987க்கும் இடைப்பட்ட தாள்கள் இன்றைய பிரதேச சபையில் இல்லாமல் கச்சேரி என்னும் மாவட்டச் செயலகத்திலோ உப அலுவலகத்திலோ கிடக்கலாம். கல்முனை இன்னும் குழப்பம். பழைய கல்முனைப் பட்டின சபைப் பகுதியும் கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைப் பகுதிகளும் 1987 இன் மாற்றத்தில் ஒரே சபைக்குள் வந்தன. 2001 இல் அது மாநகர சபையானது. சாய்ந்தமருதின் 1970களைக் “கல்முனை” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். கரைவாகு தெற்கு என்று கேளுங்கள்.

கோட்டின் கீழ்ப்பக்கம் ஊரின் சரித்திரம். 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தம், 1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியது, அதே ஆண்டு ஜூனில் மீண்டும் போர், 1995 ஏப்ரலில் மறுபடியும் போர், 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்தம், 2004 மார்ச்–ஏப்ரலில் புலிகள் இயக்கத்துக்குள் பிளவு, 2006 நடுப்பகுதி தொடக்கம் 2007 ஜூலை வரை வாகரையிலும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் நடந்த சண்டையும் இடப்பெயர்வும். 1990 ஐ மட்டும் நாள் நாளாக விரித்து எழுதுங்கள்: காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை ஆகஸ்ட் 3, வந்தாறுமூலை வளாகத்திலிருந்து ஆட்கள் கொண்டுசெல்லப்பட்டது செப்டெம்பர் 5, சத்துருக்கொண்டான் படுகொலை செப்டெம்பர் 9. தமிழ் வாசகர் முதலாவதை விட்டுவிடுவதும் முஸ்லிம் வாசகர் மற்ற இரண்டை விட்டுவிடுவதும் வழக்கமாக நடக்கிறது. பாதிக் காலக்கோட்டோடு போனால் பாதிப் பதிவேடுதான் கண்ணில் படும்.

இயற்கையையும் சேருங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம். ஒரு புத்தகம் இல்லையென்றால் உடனே போரின் மேல் பழி போட வேண்டாம். சூறாவளியில் கூரை போன கட்டடங்களில் நனைந்து அழிந்த தாள் ஏராளம்.

அனுமதி

முதலில் ஆணையாளருக்கோ செயலாளருக்கோ ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். எந்தச் சபை, எந்த ஆண்டுகள், எந்த வகைப் புத்தகம் என்று துல்லியமாக எழுதுங்கள். “போர்க்கால ஆவணங்கள் அனைத்தும்” என்று எழுதினால் பயந்துபோய் மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். “1990 ஆம் ஆண்டு வாகன ஓட்டப் பதிவுகள்” என்று எழுதினால் பிரதம இலிகிதர் அலமாரித் திறப்பைத் தேடத் தொடங்குவார்.

கடிதம் பலிக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் உண்டு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதற்கும் மேல் தகவல் ஆணைக்குழு, அங்கே மேன்முறையீடு செய்ய உங்களுக்கு இரண்டு மாத அவகாசம். தனிப்பட்டோர் விபரங்களை மறுக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே ஆளைக் கேட்காமல் அளவைக் கேளுங்கள்.

சபையில் இல்லாதது வேறிடத்தில் இருக்கக்கூடும். உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அலுவலகம், கச்சேரி, திருகோணமலையிலுள்ள மாகாணத் திணைக்களம். மேலே போன கடிதத்தின் பிரதி அங்கே கிடக்கும். மட்டக்களப்புக் கச்சேரி நெடுங்காலம் புளியந்தீவுக் கோட்டைக்குள் இயங்கியது. அங்கிருந்து கை மாறிய கோவைகளுக்குப் பழைய இலக்கம் ஒன்றும் புதிய இலக்கம் ஒன்றும் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாளைத் தொடும் முன்

கை கழுவி நன்றாகத் துடைத்த பிறகு தொடுங்கள். விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பூஞ்சணம் பிடித்த கோவைக்கு முகமூடி அவசியம். குண்டூசி துருப்பிடித்து ஒட்டியிருந்தால் இழுக்கக்கூடாது, தாளில் ஓட்டை விழும். ஊசியின் கீழே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, ஊசியைத் தாளோடு கிடையாக நகர்த்தி எடுங்கள். வெள்ளத்தில் நனைந்து ஒட்டிய பக்கங்களைப் பிரிக்கவே வேண்டாம். அப்படியே படம் எடுத்து, “ஒட்டியது, பக்கம் 40 முதல் 57 வரை” என்று எழுதி வையுங்கள். செலோடேப் ஒட்டித் திருத்துவது கறையானை விடக் கெட்டது. பத்து வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும்.

படம் எடுக்கக் கைப்பேசி போதும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும், பிளாஷ் வேண்டாம். ரோனியோவில் அடித்த தாளும் காபன் பிரதியும் மேலிருந்து வெளிச்சம் பட்டால் வெளிறித் தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அழுத்தின தடம் எழும்பி வரும். முதற்படம் அட்டை, இரண்டாவது முதற்பக்கம், பிறகு வெற்றுப் பக்கம் உட்பட எல்லாம் வரிசையாக. வெற்றுப் பக்கத்தை ஏன் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓட்டப் பதிவில் மூன்று வாரம் வெறுமையாக இருப்பதும் ஒரு பதிவுதான். அதை எடுக்காமல் விட்டால் உங்கள் படத்தொகுப்பில் மே 30க்கு அடுத்து ஜூன் 22 வந்து நிற்கும். பிறகு பக்கம் கிழிந்திருந்ததா, எழுதாமல் விட்டார்களா, நீங்கள் படமெடுக்கத் தவறினீர்களா என்று உங்களுக்கே தெரியாது.

முதற் புத்தகம்: ஓட்டப் பதிவு

சபையின் ஒவ்வொரு வாகனத்துக்கும் சாரதி நாளாந்தம் நிரப்பும் தாள் ஒன்று உண்டு. “ரன்னிங் சாட்” என்றுதான் கந்தோரில் சொல்வார்கள். புறப்பட்ட நேரம், போன இடம், மீற்றர் தொடக்கம், மீற்றர் முடிவு, போட்ட எரிபொருள், அனுப்பியவர் கையெழுத்து. இதைவிட நேர்மையான போர்க்கால நாட்குறிப்பு வேறில்லை.

குடிநீர் கொண்டுபோகும் தாங்கி வாகனமான பவுசரின் தாளை எடுங்கள். உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வருவதற்கு முந்திய நகரம் கிணற்றை நம்பியிருந்தது. பாடசாலையிலோ கோயிலிலோ ஆயிரம் பேர் வந்து சேர்ந்தால் அங்குள்ள ஒற்றைக் கிணறு இரண்டு நாளில் சேறாகிவிடும். பிறகு பவுசர்தான். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். முகாமொன்றில் 1,500 பேர் என்று நிவாரணப் பட்டியல் சொல்கிறது. பவுசர் 5,000 லீற்றர். அவசர காலத்துக்கு ஆளுக்கு நாளைக்கு 15 லீற்றர் என்பது நிவாரண வேலையில் பொதுவாக வைக்கும் குறைந்தபட்ச அளவு. அப்படியென்றால் 22,500 லீற்றர் வேண்டும், ஐந்து தடவை ஓட வேண்டும். ஓட்டப் பதிவில் இரண்டு ஓட்டம் மட்டும் இருந்தால் ஆளுக்குக் கிடைத்தது 6.7 லீற்றர். குடிக்கவும் சமைக்கவும் போனால் குளிக்க இல்லை, துணி தோய்க்க இல்லை. கூட்டறிக்கை “குடிநீர் வழங்கப்பட்டது” என்று எழுதியிருக்கும். அதுவும் பொய் இல்லை.

அடுத்து மீற்றர். நீர் நிரப்பும் இடத்திலிருந்து முகாமுக்குப் போய்வர வரைபடத்தில் 6 கிலோமீற்றர் என்றும் தாளில் 14 என்றும் இருந்தால் நேர்வழி மூடியிருந்தது என்று கொள்ளலாம். கல்லடிப் பழைய பாலம் ஒற்றை வழி இரும்புப் பாலம். அருகிலே புதிய பாலம் 2013 இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் நகரத்தையும் தெற்குக் கரையையும் சேர்க்கும் கழுத்து அது ஒன்றுதான். அங்கே சோதனைச் சாவடியான சென்றியில் நின்ற நேரம் தாளில் கிலோமீற்றராகத் தெரியாது. புறப்பட்ட நேரத்துக்கும் சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் தெரியும். இரண்டு நிரலையும் சேர்த்து வாசியுங்கள்.

இதில் புதியவர்கள் ஏமாறுகிற இடங்கள் மூன்று. பழைய வாகனத்தில் மீற்றர் வேலை செய்யாது. அப்போது சாரதி மனக்கணக்கில் எழுதுவார், ஒவ்வொரு நாளும் 30, 30, 30 என்று வரும். அப்படி வட்டமான எண் திரும்பத் திரும்ப வந்தால் தூரத்தைக் கைவிட்டு ஓட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். இரண்டாவது, உழவு இயந்திரத்தில் தூர மீற்றர் இல்லை, மணி மீற்றர்தான். குப்பைப் பெட்டி இழுக்கும் இயந்திரம் மணித்தியாலத்துக்கு 3 முதல் 5 லீற்றர் வரை குடிக்கும். 8 மணி வேலை என்று எழுதி 10 லீற்றர் மட்டும் போட்டிருந்தால் பாதி நேரத்துக்கும் மேல் எங்கோ நிறுத்தப்பட்டு நின்றிருக்கிறது. மூன்றாவது, பவுசரில் நீர் ஏற்றும் பம்பி ஓடும்போதும் டீசல் போகும், கிலோமீற்றர் ஏறாது. “டீசலைக் களவெடுத்திருக்கிறார்கள்” என்று முடிவு கட்டும் முன் இதை நினையுங்கள்.

குளோரின் தூள் சொல்வது

களஞ்சிய இருப்புப் புத்தகத்தில் “ரீ.சீ.எல்” என்று ஒரு பக்கம் இருக்கும். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள். புதிதாக இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு குளோரின். இதை வைத்து எத்தனை கிணறு இறைத்தார்கள் என்று கணிக்கலாம்.

வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கமான எழுவான்கரை மணற்பாங்கில் ஒரு கிணறு, குறுக்களவு 1.5 மீற்றர், நீர் ஆழம் 2 மீற்றர் என்று வைத்தால் அதில் சுமார் 3,500 லீற்றர் இருக்கும். அசுத்தமான கிணற்றை முழுதாகத் தொற்று நீக்க லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்று கணக்கிட்டால் 175 கிராம், தூளாக அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஆகவே 25 கிலோ வெளியே போயிருந்தால் ஏறத்தாழ 45 கிணறு. பவுசருக்குப் போடும் அளவு மிகச் சிறியது. 5,000 லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் 30 கிராம் தூள், இரண்டு மேசைக்கரண்டி அளவு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும். குழாயடியில் 0.2 முதல் 0.5 மில்லிகிராம் எஞ்சி நின்றால் சரி. எனவே பவுசருக்கென்று கிலோக் கணக்கில் வெளியே போயிருந்தால் ஒன்றில் கணக்குப் பிழை, அல்லது தூள் செத்துப்போன தூள். நம்மூர் வெக்கையில் மூடி திறந்த பீப்பா சில மாதத்தில் வீரியம் இழந்துவிடும். பாதையடைப்பில் புதுச் சரக்கு வராத மாதங்களில் ஒரு கிணற்றுக்குரிய அளவு ஏறிக்கொண்டே போவதைக் காணலாம்.

2005 ஆம் ஆண்டுப் பக்கங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் கிணறுகளைப் பலரும் வந்து திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அதிகமாக இறைத்தால் கீழேயுள்ள உப்புநீர் மேலே வந்து கிணறு இன்னும் கெடும் என்பது கல்லடி, சாய்ந்தமருது, ஒலுவில் பக்கம் பிற்பாடு செய்த ஆய்வுகளில் தெளிவானது. பம்பி வாடகைச் சிட்டை கூடியிருப்பதைப் பார்த்து “நல்ல வேலை நடந்தது” என்று எழுதிவிட வேண்டாம்.

மலசலகூடத்தை ஒரே வரியில் சொல்லலாம். 20 பேருக்கு ஒன்று என்பது அளவு, நீர்மட்டம் மேலே நிற்கும் மணலில் குழி சீக்கிரம் நிரம்பும், மலக்குழி உறிஞ்சும் பவுசரின் ஓட்டங்களை எண்ணினால் முகாமின் நெரிசல் விளங்கும்.

வரவு இடாப்பு

சுகாதாரத் தொழிலாளர் வரவு இடாப்பை மாதக் கட்டமாக எடுத்து விரியுங்கள். ஒரு நிரல் முழுவதும் வெறுமை என்றால் ஊரடங்கு, ஹர்த்தால் அல்லது சுற்றிவளைப்பு. காலக்கோட்டுடன் ஒத்துப் பாருங்கள். சில பெயர்களுக்கு மட்டும் வெறுமை என்றால் சம்பளப் பட்டியலிலோ தனிக்கோவையிலோ அவர்களின் முகவரியைப் பாருங்கள். வவுணதீவுப் பக்கத்தார் மட்டும் இரண்டு நாள் வரவில்லையென்றால் வலையிறவில் பாதை மூடியிருக்கிறது. படுவான்கரைக்கும் பட்டினத்துக்கும் இடையே வாவி மட்டும் இருக்கவில்லை, இரண்டு ஆட்சி இருந்தது. அந்த எல்லை எந்தக் காலை திறந்தது, எந்தக் காலை திறக்கவில்லை என்பதை இந்த இடாப்பைப் போல நாள் நாளாகச் சொல்லும் தாள் வேறில்லை.

சிவப்பு மையில் “சம்பளத்துடன் விடுமுறை, நிலைமை காரணம்” என்றிருந்தால் யாரோ ஓர் அலுவலர் தன் பொறுப்பில் அவர்களைக் காப்பாற்றியிருக்கிறார். “சம்பளமற்ற விடுமுறை” என்றிருந்தால் பிறகு மனு ஒன்று வந்திருக்கும். தேடுங்கள்.

குத்தகைத் தள்ளுபடி மனுக்கள்

சந்தை, இறைச்சிக் கடை, மீன் ஏலம் கூறும் இடம், தோணித்துறை எல்லாவற்றையும் சபைகள் வருடக் குத்தகைக்கு விடும். எடுத்தவர் மாதாமாதம் கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் தள்ளுபடி கேட்டு மனு எழுதுவார். அங்கேதான் கூட்டறிக்கையில் இல்லாத வாக்கியம் வரும். ஏனென்றால் காசு கழிபட வேண்டுமென்றால் காரணத்தை விரித்துச் சொல்லித்தான் ஆக வேண்டும்: எத்தனை நாள் தோணி ஓடவில்லை, யார் மறித்தார்கள், இரவு மீன்பிடிக்குத் தடை எப்போது தொடங்கியது, வியாபாரிகள் எந்த ஊரிலிருந்து வரப் பயந்தார்கள். குருமண்வெளி–மண்டூர், குருக்கள்மடம்–அம்பிளாந்துறை ஓடப் பாதைகள் இருக்கும் பிரதேச சபைகளில் இத்தகைய கோவைகளை முதலில் கேளுங்கள். மண்முனைத்துறையில் பாலம் வந்தது 2014 இல். அதற்கு முன் அங்கும் ஓடப் பாதைதான்.

மனுவை அப்படியே நம்பவும் வேண்டாம். தள்ளுபடி கேட்பவர் நாளைக் கூட்டித்தான் எழுதுவார். வருமானப் பரிசோதகரின் குறிப்பு கீழே பென்சிலில் இருக்கும்: “60 நாள் அல்ல, 41 நாள்.” அந்தப் பென்சில் எழுத்தைப் படத்தில் பிடிக்கத் தனியாக ஒரு நெருக்கப் படம் எடுங்கள்.

வீடு, காணிக்கான சோலைவரி இடாப்பு பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். நிலுவை ஏறியிருக்கும் வீடெல்லாம் ஆள் ஓடிப்போன வீடு என்று நினைக்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். ஜனவரி 31க்கு முன் முழு வருட வரியையும் கட்டினால் 10 சதவீதக் கழிவு என்பதால் வசதியுள்ளவர்கள் முந்திக் கட்டிவிட்டுப் பிறகு ஓடியிருப்பார்கள். வெளியேறாதவர்களோ காசு வாங்கும் சிறாப்பரின் கருமபீடம் பூட்டியிருந்ததால் கட்டாமல் இருந்திருப்பார்கள். பெயர் நிரலில் இருப்பது பல இடங்களில் காலமான பாட்டனாரின் பெயர். “வீடு பூட்டு” என்று அறவீட்டாளர் எழுதிய குறிப்பு இருந்தால் மட்டும் அதைச் சான்றாக எடுங்கள்.

சொல்லகராதி, சுருக்கமாக

“குறித்துக்கொள்ளப்பட்டது” என்றால் எதுவும் நடக்கவில்லை. “சம்பந்தப்பட்டவர்களுடன் பேசித் தீர்மானிக்கப்படும்” என்றால் ஆயுதம் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்க வேண்டும். “பாதுகாப்புத் தரப்பு” அரச படை. “மறுகரை” என்பது ஆற்றின் மறுகரையாகவும் இருக்கலாம், ஆட்சியின் மறுகரையாகவும் இருக்கலாம். “வன்செயல்” என்ற சொல் நட்டஈட்டுப் படிவத்திலிருந்து வந்தது. யார் செய்த வன்செயல் என்று அந்தச் சொல் சொல்லாது, அதற்காகவே அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. “அன்பளிப்பு”, “ஒத்துழைப்பு” என்று ஒரு தொகை வந்தால் வவுச்சரின் பின்பக்கத்தையும் பாருங்கள்.

வாகனம், மிதிவண்டி, தட்டச்சுப்பொறி “காணாமற்போனது” என்று இருப்புப் புத்தகத்தில் கோடு விழுந்திருந்தால் பதிவழிப்புக் கோவை ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும், யார் பொறுப்பு என்று விசாரித்த குறிப்பும் இணைந்திருக்கும். சில வேளை களஞ்சியப் பொறுப்பாளரின் சம்பளத்தில் கழிக்கச் சொல்லிக் கட்டளையும் இருக்கும். துப்பாக்கியோடு வந்தவர் கொண்டுபோன மிதிவண்டிக்குக் களஞ்சியக்காரர் மாதத் தவணை கட்டிய கணக்கு அது.

கணக்காய்வு ஐயவினாவும் பதிலும் உள்ள கோவை கிடைத்தால் மற்றதையெல்லாம் மூடி வைத்துவிட்டு அதை வாசியுங்கள். “மூன்று விலைமனு கோராமல் கொள்வனவு செய்தது ஏன்?” என்று கேள்வி வரும். பதில் எழுதும் இலிகிதருக்கு அங்கே மழுப்ப முடியாது. கடை எத்தனை திறந்திருந்தது, லொறி எங்கே நின்றது, விலை ஒரு வாரத்தில் எவ்வளவு ஏறியது என்று எழுதித்தான் தப்ப வேண்டும்.

மயானப் பதிவு

இதற்கு வேறு ஒழுங்கு. கள்ளியங்காடு போன்ற பொது மயானங்களின் அடக்கப் பதிவிலும், அதற்குரிய கூலி வவுச்சரிலும் “அடையாளம் தெரியாத” என்ற சொல் வரலாம். அந்தப் பக்கத்தை முழுதாக, ஓரம் வெட்டாமல், முன்னும் பின்னும் இரண்டு பக்கங்களோடு படம் எடுங்கள். திகதி, கொண்டு வந்த நிறுவனம், உத்தரவிட்டவர் பதவி, இடக்குறிப்பு நான்கையும் தனித்தாளில் எழுதுங்கள். முகநூலில் போடாதீர்கள், தெரிந்த குடும்பத்துக்கு ஊகமாகச் சொல்லவும் வேண்டாம். பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு உங்கள் ஊகம் ஆயுள் தண்டனையாகிவிடும். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்கு மட்டக்களப்பிலும் ஒரு கிளை உண்டு. சட்டத்தரணி ஒருவரோடு பேசிவிட்டு, படத்தை அங்கே கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்தப் புத்தகத்தை இடம் மாற்ற எவராவது உங்களிடம் உதவி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஒத்துப் பார்ப்பதும் திருப்பி வைப்பதும்

ஒரு தாளை மட்டும் வைத்து எதையும் எழுத வேண்டாம். ஓட்டப் பதிவு சொல்வதை வவுச்சரோடும், வவுச்சரைக் காசுப் புத்தகமான காசேட்டோடும், திகதியை அந்த வாரப் பத்திரிகையோடும் பொருத்துங்கள். நூலகம் இணையத் தொகுப்பில் பழைய பத்திரிகைகள் நிறைய ஏற்றியிருக்கிறார்கள். மூன்றில் இரண்டு ஒத்துவந்தால் எழுதலாம். ஒன்று மட்டும் என்றால் “பதிவில் இப்படி உள்ளது” என்று எழுதுங்கள். தொழிலாளர், வரியிறுப்பாளர் பெயர்களை வெளியிட வேண்டிய தேவை அநேகமாக வராது. “ஒரு சாரதி” போதும்.

ஒன்றை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தகவல் அறியும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரியில். அன்று இருந்த பழைய பதிவேடுகளை ஆகக் குறைந்தது 10 ஆண்டு பேண வேண்டும் என்கிறது அதன் 7 ஆம் பிரிவு. அந்தப் பத்து 2027 பெப்ரவரியில் முடிகிறது. 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசியச் சுவடிகள் சட்டம் அதற்கு மேலும் காவல் நிற்கிறது என்றாலும், இடமில்லாத கந்தோரில் பழைய ஓட்டப் பதிவுக் கட்டுத்தான் முதலில் சாக்குக்குள் போகும். கூட்டறிக்கைப் புத்தகத்துக்குத் தோல் அட்டை இருப்பதால் அதை யாரும் எறிய மாட்டார்கள். ஆகவே நேரம் குறைவென்றால் ஓட்டப் பதிவு, வரவு இடாப்பு, தள்ளுபடி மனு என்ற ஒழுங்கில் படம் எடுங்கள்.

படங்களை இரண்டு பிரதி எடுத்து ஒன்றைச் சபைக்கே கொடுங்கள். கோப்புப் பெயரில் சபை, புத்தகம், ஆண்டு, பக்கம் நான்கும் இருக்க வேண்டும். புறப்படும் முன், கழற்றிய நூலை அதே துவாரத்தில் கோத்து, கட்டின் மேல் பென்சிலால் “படமெடுக்கப்பட்டது” என்றும் திகதியும் எழுதிய சிறு துண்டைச் செருகி, எடுத்த தட்டிலேயே வையுங்கள். மை வேண்டாம். ஈரம் பட்டால் ஊறி அடுத்த தாளுக்குப் போய்விடும்.